பூஜ்ய மட்டம்

தேவாலயங்கள் கட்டிப் பேர் வாங்கிய ஆர்க்கிடெக்டின் வீட்டில், அவர் ஒவ்வொரு தேவாலயத்தை முடிக்கும்போதும் கூரை ஓர் அடி கீழே இறங்கியது. சத்தம் கிடையாது, சுவரில் கீறல் கிடையாது, பொடிகூட உதிராது. ஜன்னல்கள் கொஞ்சம் குள்ளமாகும், கதவு தன் பங்குக்குச் சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மறுநாள் தச்சர் வந்து பீரோவின் காலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். எங்கோ ஒரு தேவாலயம் திறந்தாயிற்று என்பதை எங்கள் தெரு செய்தித்தாளில் படித்ததில்லை. ரம்பச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டது.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. கட்டிட வேலையில் உயரம் அளக்க ஏதாவது ஓர் இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வார்கள். ஊரில் மற்றவர்களெல்லாம் கட்டுகிற இடத்திலேயே ஒரு கல்லில் கோடு கிழித்து வைத்துக்கொள்ள, இவர் மட்டும் தம் வீட்டு வாசற்படியை வைத்தார். முதல் தேவாலயம் அதே தெருக்கோடியில் எழும்பியது, படியில் நின்றபடியே மட்டம் பார்த்தார், அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தேவாலயத்தை ஆளாளுக்குப் புகழ்ந்ததும், படி ராசியான படி என்று மனதில் விழுந்துவிட்டது. பிறகு நூறு மைல் தள்ளிக் கட்டினாலும் வரைபடத்தின் மூலையில் "பூஜ்யம்: எங்கள் வீட்டு வாசற்படி" என்று எழுதினார். அங்கே ஏறுகிற உயரம் இங்கிருந்து போயிற்று.

வீடு முதலில் பத்தடி. நாலு தேவாலயம் வரைக்கும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மின்விசிறியைக் கழற்றியதோடு சரி. ஐந்தாவதில் அவர் மனைவி குனிந்தாள். நல்ல உயரம் அவள், பெண் பார்க்க வந்தபோது அவர் வீட்டார் அதையே ஒரு குறையாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள். ஆர்க்கிடெக்டோ ஐந்தடி ஓர் அங்குலம். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டால் அவருக்குப் போதும். அதுவும் மாதத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாளெல்லாம் வேலை நடக்கும் இடத்தில் தமக்கென்று போட்டுக்கொண்ட பதினான்கடிக் கொட்டகையில் கையை வீசித் தூங்கினார்.

ஆறாவதில் வீடு நாலடி ஆயிற்று. அப்போது மகளுக்குப் பதின்மூன்று வயது, மூங்கில் மாதிரி வளர்கிற பருவம். அவள் முதுகு வளைய ஆரம்பித்ததைத் தாய் பார்த்துவிட்டாள். தினம் சாயங்காலம் மகளைக் கொல்லைச் சுவரோடு நிறுத்தி, தோள் இரண்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பாள். எதிர்மாடியில் துணி எடுக்கிற சாக்கில் நின்றவர்கள், நேற்றைக்கு இன்று அரை விரற்கடை நிமிர்ந்திருக்கிறாள், இல்லை குனிந்திருக்கிறாள் என்று தங்களுக்குள் தர்க்கம் செய்தார்கள்.

தாய் மகளைக் கூட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். மூன்றாம் நாள் தம்பி வீட்டுக் கூரை இறங்கி, விசிறி அவன் மாமியார் கொண்டையை உரசிற்று. "அக்கா, நீ எத்தனை நாள் வேணும்னாலும் இரு. கூரைதான் ஒத்துக்க மாட்டேங்குது," என்று அவனே பஸ் ஏற்றிவிட்டான். இவர்கள் படியிறங்கியதும் அது பழையபடி ஏறிக்கொண்டதாகக் கேள்வி.

ஏழாவதுதான் பெரியது. இரட்டைக் கோபுரம், எண்பதடி மண்டபம். அதற்கு இரண்டடி போகும் என்று அங்கே வேலையை நடத்திய மேஸ்திரி கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த மாதம் ஆர்க்கிடெக்ட் வந்த அன்று அவள் சாப்பாடு போட்டுவிட்டு, முட்டி போட்டபடியே கேட்டாள்:

"அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் வளர்த்தி இருக்குங்க. இந்த ஒரு தடவை பூஜ்யத்தை அங்கேயே வச்சுக்குங்களேன்."

"மாத்துனா பழைய ஆறுக்கும் போட்ட அளவெல்லாம் பொய்யாயிடும். அந்த அளவுகளோட என் புத்தகம் அச்சுக்குப் போயிருக்கு."

"பொண்ணு கூனிப் போறாளே."

"வளர்றதுக்கு என்ன, படுத்துக்கிட்டே வளரட்டும்," என்று சொல்லி மோர் கேட்டார்.

அவள் மேஸ்திரியிடம் போனாள். அவருக்கும் மூன்று பெண்கள். ஒருவரிடமும் சொல்லாமல் புதுத் தேவாலயத்தின் வாசல் கல்லிலேயே கோடு கிழித்து, அதிலிருந்து தளம் போட்டார். தேவாலயம் எழும்பி முடிந்தும் ஐந்து மாதம் வீடு நாலடியில் அசையாமல் நின்றது. பெண்ணும் கொல்லைச் சுவரில் முழு முதுகும் படிய நின்றுவிட்டாள். அன்றைக்கு எதிர்மாடியில் கைகூடத் தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் யாரோ கடிதம் எழுதி ஆர்க்கிடெக்டுக்கே வாழ்த்துச் சொன்னார்கள். யாரென்று தெருவுக்குத் தெரியும், இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. அவர் கருவியை வைத்து மட்டம் பார்த்தார், மேஸ்திரியை வேலையை விட்டு அனுப்பினார், தளத்தை முழுக்க உடைத்து மறுபடி போடச் சொன்னார். தளம் காய்ந்த அன்று வீடு இரண்டடி இறங்கிற்று. தச்சர் பீரோவைப் பார்த்துவிட்டு, இனி இதைப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மறுவருடம் திறப்பு விழாவுக்குத் தெருவே போயிற்று. எல்லாரும் வாசலிலேயே அண்ணாந்து நின்றோம். அந்தப் பெண் மட்டும் நெற்றி முழங்காலைத் தொடுகிற மாதிரி வளைந்து, தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். தாய் அவள் காதருகே குனிந்து, "நிமிருடி கண்ணு, இங்க எண்பதடி இருக்கு," என்றாள்.

"எனக்குத் தெரியும்மா. முடியல."

ஆயர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். இத்தனை வருடத்தில் இவ்வளவு பணிவோடு ஒரு பிள்ளை ஆலயத்துக்குள் வந்து தாம் பார்த்ததில்லை என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஆர்க்கிடெக்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வெகுநாளைக்குப் பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தார். ஏறுவதற்கு அதிகம் இல்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து, தரையிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து நெற்றி, முதுகின் வளைவு என்று ஒவ்வொன்றாக அளந்து, விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். ஆடாமல் நில் என்று ஒரு தடவை சொன்னார். அவள் ஆடவில்லை.

எட்டாவது தேவாலயம் போன வருடம் முடிந்தது. அங்கே மண்டியிடும் பலகைகளை அந்த அளவில் செய்து போட்டிருக்கிறார்கள். முட்டி வலிப்பதில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தலை கவிழ்ந்து இருக்கலாம் என்று போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.