நாலாவது கட்டம்

மனுஷரை நோகடிப்பதற்கும் ஒரு முறை உண்டு என்று பல்கலைக்கழகத்தில்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீட்டில் அந்த வேலையை நாமெல்லாம் சொந்தப் புத்தியில் செய்துகொள்கிறோம்.

அக்கா உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவள் ஆய்வில் காரணிகள் இரண்டு. புதிரை விடுவிக்கிற ஆளைப் பாராட்டுவதா, திட்டுவதா என்பது ஒன்று. அந்த நேரம் அவர் தனியாக இருக்கிறாரா, அல்லது சொந்தக்காரர் ஒருவர் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பது இன்னொன்று. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நாலு கட்டம். யார் எந்தக் கட்டத்துக்கு என்பதை டப்பாவில் போட்ட சீட்டு சொல்லும். மறுநாள் அதே ஆட்களைத் திரும்ப வரவழைத்து, விடையே இல்லாத ஒரு புதிரோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறார்கள் என்று குறிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்களிடம் உண்மையைச் சொல்லலாம்.

"தனியா வெச்சுத் திட்டினா மனுஷன் தாங்குவான். சொந்தக்காரங்க சும்மா பார்த்துட்டிருந்தாலும் தாங்குவான். ரெண்டும் சேர்ந்தா? அது வெறும் கூட்டல் கணக்கு இல்லம்மா. வெந்த புண்ணுல வேல் பாயுதான்னு பார்க்கணும்" என்பார் பேராசிரியர். சொல்லும்போது அவர் முகத்தில் தனிக் களை வந்துவிடும்.

திட்டுவதற்கு ஒரு நாடகக்காரரைப் பிடித்திருந்தார்கள். வெளியே தெருப்பூனைக்குப் பால் ஊற்றுகிற சாது. உள்ளே வந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் ஒரே வசவு, ஒரே குரல். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

திட்டும் பார்வையும் சேர்ந்த நாலாவது கட்டத்தில் கடைசியாக ஓர் இடம் பாக்கி நின்றது. வர வேண்டிய ஆள் கைவிரித்துவிட்டார். நாடகக்காரரோ மறுநாள் வெளியூர் கிளம்புகிறார். கட்டம் நிறையாவிட்டால் பட்டம் இன்னொரு வருஷம் இழுக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்து நின்றாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். வாய் ஓயாது. ஏற்கெனவே பல இடங்களில் வேலை கேட்டு மூக்குடைபட்டவள். மறுநாள் காலை மறுபடி ஒரு நேர்முகத் தேர்வு. அதற்குக் கட்டிக்கொண்டு போக அக்காவின் கைக்கடிகாரம் வேண்டும்.

"இந்தத் தடவை அடிச்சுத் தூக்கிடுவேன் பாரு" என்றாள்.

பேராசிரியரின் கண் அவள்மேல் விழுந்தது. "தங்கச்சியா? அப்ப பார்த்துட்டிருக்கச் சொந்தக்காரியா நீயே இருக்கியே" என்றார் அக்காவிடம் தாழ்ந்த குரலில்.

"சார், நாளைக்கு அவளுக்கு இன்டர்வியூ."

"நாளைக்கு மத்தியானம் உண்மையைச் சொல்லிடப் போறோம். அதுக்குள்ள என்ன குடி முழுகிடும்?"

"சீட்டு எடுக்கணுமே சார்."

"எடேன்."

டப்பாவில் ஒரே ஒரு சீட்டுதான் கிடந்தது. அதையும் அக்கா குலுக்கித்தான் எடுத்தாள். முறை என்றால் முறைதானே!

திறமையைச் சோதிக்கும் நிபுணர் என்று வாலுவிடம் சொல்லி நாடகக்காரரின் எதிரே உட்காரவைத்தார்கள். அவள் முதல் புதிரை விளையாட்டாகப் போட்டு முடித்தாள். அவர் தாளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு இவ்வளவு நேரமா? படிச்சிருக்கியா, இல்ல சும்மா போயிட்டு வந்தியா? உன்னை எவன் வேலைக்கு வெச்சுப்பான்?"

வாலு சிரித்துக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள். அக்கா சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. முகத்தைத் திருப்பவும் கூடாது. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

அடுத்த வசவுக்கு வாலு சிரிக்கவில்லை. "நீயாவது சொல்லேன்க்கா" என்றாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் வாலு அவள் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் பாவி மனசின் ஒரு மூலையில், கட்டம் நிறைந்துவிட்டது என்ற சந்தோஷம்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் வாலுவின் சத்தமே இல்லை. ஒரு வார்த்தை போதும், அவள் பழையபடி ஆகிவிடுவாள். ஆனால் சொன்னால் மறுநாள் கணக்கு செல்லாது. அக்கா அறை வாசல் வரை போனாள். "சாப்பிட வா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் சொன்ன நேரத்துக்கு வாலு வந்தாள். புதிரை ஒருமுறை பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு வராதுக்கா."

அவ்வளவு சீக்கிரம் யாருமே கைவிட்டதில்லை. அக்கா அவசர அவசரமாக உண்மையைச் சொல்லும் தாளை எடுத்து வாசித்தாள். திட்டியது எல்லாம் எழுதிக் கொடுத்தது, திட்டியவர் நடிகர், அதற்கும் உங்கள் திறமைக்கும் சம்பந்தமில்லை. வாசித்து முடித்துத் தங்கையின் கையைப் பிடித்தாள்.

"நீ நல்லாத்தாண்டி போட்டே. எல்லாரையும்விட சீக்கிரம். இன்டர்வியூ எப்படி?"

"போய் வரிசையில உக்காந்திருந்தேன். கூப்பிட்டாங்க. எந்திரிச்சு வெளியே வந்துட்டேன்." வாலு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அந்த ஆளு திட்டினது நடிப்பு. சரி. நீ பார்த்துட்டு உக்காந்திருந்தியே, அது?"

தாளில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அக்கா இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

கதவு லேசாகத் திறந்தது. "நேரம் குறிச்சாச்சாம்மா?" என்றார் பேராசிரியர்.

அக்கா தங்கையின் கையை விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தாள். குறித்தாள்.