அவள் கைக்கு வராத கோடு

என் தம்பி மனைவிக்குக் கைராசி கிடையாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. பால் பொங்கி வழிந்தாலும், ஜன்னலோரச் செடி பட்டுப்போனாலும், மகளின் பள்ளிப் பையில் போட்ட தையல் பிரிந்தாலும், "ஆய்வகமே சர்டிபிகேட் குடுத்த கை ஆச்சே" என்று தம்பி சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சர்டிபிகேட்டைக் கொடுத்தவள் நான்தான்.

செல்லுக்குள் செய்தி எப்படிப் போகிறது என்று பார்ப்பது என் வேலை. தெரியாதவர்கள் கேட்டால் இப்படிச் சொல்வேன்: வாசலில் ஒருவர் வந்து கூப்பிடுகிறார். முன்கட்டில் இருப்பவர் அடுத்தவரிடம் சொல்கிறார், அவர் அதற்கடுத்தவரிடம் சொல்கிறார், கடைசியில் உள்ளறையில் தூங்குகிற ஆளை எழுப்பிவிடுகிறார்கள். செல்லிலும் அப்படித்தான். வெளியே ஒரு புரதம் வந்து ஒட்டும். செய்தி கைமாறி உள்ளே போய், சும்மா கிடந்த ஒரு ஜீன் வேலை செய்யத் தொடங்கும். எந்தப் புரதம் எந்த ஜீனை எழுப்புகிறது என்று கண்டுபிடித்தால் பெயர் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. ஜீன் விழித்ததற்கு அடையாளம், செல் சாற்றை ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஓட்டிப் படம் எடுத்தால் தெரியும் ஒரு கறுப்புக் கோடு. கோடு வந்தால் நான் எழுதிய கட்டுரை சரி, வராவிட்டால் தப்பு. அவ்வளவுதான் விஷயம்.

என் கண்டுபிடிப்பை மேலே கொண்டுபோவதற்காக மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அவளை எடுத்தார்கள். கையெழுத்து பொடிப்பொடியாக வரிசை போகும் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். எனக்கு மழைக்குக் குடை கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் அங்கே வந்த என் தம்பி, மழைக்காலம் முடிந்த பிறகும் மூன்று வாரம் குடையோடு வந்தான். இரண்டாம் வருஷம் கல்யாணம் ஆயிற்று. அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவளுக்குக் கோடு வரவில்லை. நாற்பத்தொரு முறை செய்தாள், ஒருமுறைகூட வரவில்லை. எனக்கு எப்போது செய்தாலும் வந்தது.

ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று ஆய்வகத் தலைவர் என்னிடம் கேட்டார். இந்த இடத்தில் நான் என்னை மறைத்துக்கொள்ளப் போவதில்லை. சொந்தக்காரிக்குப் பரிந்து பேசினாள் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பது மட்டும்தான் என் தலையில் ஓடியது. நியாயமாக இருக்கிறேன் பார் என்று ஊருக்குக் காட்டுகிற வெறி. என் சீரப் புட்டியை எடுத்து, என் கையால் ஒரே ஒரு முறை செய்தேன். மையிட்ட மாதிரி கோடு வந்தது. "செய்முறையில் குறையில்லை, செய்கிற கையில்தான் குறை" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று ஒருநாளாவது அந்தக் கையைப் பார்த்தேனா என்றால், இல்லை.

அதை முடிவு செய்த ஆய்வகக் கூட்டத்தில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சீரம் காரணமாக இருக்குமோ என்று. எல்லோர் முன்னிலும் நான் சொன்னேன்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சீரம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். செல்களைத் தட்டில் வளர்க்க உப்பும் சர்க்கரையும் போதாது. கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிந்த நீரையும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே முழுசாகத் தெரியாது. ஒவ்வொரு பேட்சும் ஒவ்வொரு மாதிரி. அதனால் இரண்டு மூன்று பேட்சில் மாதிரி வரவழைத்து, எதில் வேலை நன்றாக வருகிறதோ அதையே மொத்தமாக வாங்கி உறைபெட்டியில் பெயர் எழுதி வைத்துக்கொள்வோம். ஒருவர் புட்டியை இன்னொருவர் தொடுவது கிடையாது. கிருமி ஒட்டிவிடும் என்ற பயம். நானும் மூன்று பேட்ச் பார்த்து, கோடு அழுத்தமாக விழுந்த பேட்சில் இருபத்து நான்கு புட்டி வாங்கி வைத்தேன். பின்னால் வந்த அவளுக்குப் பொதுப் புட்டி. எனக்கு வேண்டிய பதிலைக் கொடுக்கிற சீரத்தை நானே தேடிப் பொறுக்கிவிட்டு, அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் செய்கிற காரியமா என்றால், படித்தவள் மட்டும்தான் இப்படிச் செய்ய முடியும்.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் அவள் போய் ஆறு வருஷம் கழித்து, இந்த வருஷம், என் கடைசிப் புட்டி தீர்ந்தது. புது பேட்ச் வந்தது. கோடு நின்றுபோனது.

மூன்று மாதம் நாயாய் அலைந்தேன். உப்புக் கரைசலை மாற்றினேன், செல்லை மாற்றினேன், கருவி பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டு அவரோடு சண்டை போட்டேன். கடைசியில் சீரத்தைச் சந்தேகித்தேன். உறைபெட்டியின் அடித்தட்டைச் சுரண்டியபோது, பனிக்கட்டியோடு ஒட்டிக்கொண்டு பழைய பேட்சில் ஒரு சின்னக் குழாய் அகப்பட்டது. பழையதையும் ஐந்து புது பேட்சுகளையும் பக்கம் பக்கமாக வைத்துச் செய்தேன். பழையதில் கோடு வந்தது, மற்ற ஐந்திலும் வெறுமை. என் புரதம் தனியாக எந்த ஜீனையும் எழுப்பவில்லை. அந்த ஒரு பேட்சில் கலந்திருந்த எதுவோதான் கூட நின்று எழுப்பியிருக்கிறது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை நாத்தனாரான நான் செய்திருக்கிறேன். எனக்கு வராதபோது சீரத்தில் குறை. அவளுக்கு வராதபோது கையில் குறை.

அன்று மத்தியானம் அலமாரியில் கிடந்த அவளுடைய ஆய்வுக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் எறும்பு எழுத்தில் தேதி, நேரம், சீரத்தின் பேட்ச் எண். ஜெல்லின் எல்லாக் குழியிலும் செல் சாறு ஒரே அளவு விழுந்திருக்கிறதா என்று சரிபார்க்க நாங்கள் வேறொரு புரதத்தின் கோட்டையும் கூடவே பார்ப்போம். அவளுடைய நாற்பத்தொரு படத்திலும் அந்தக் கோடு அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரே சீராக இருந்தது. கை சரியில்லாதவளுக்கு அப்படி வராது. இந்தப் படங்கள் அன்றைக்கும் இதே அலமாரியில்தான் இருந்தன. முப்பதாவது சோதனையின் ஓரத்தில், "அக்காவின் புட்டியில் கொஞ்சம் கேட்கலாமா?" என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவர்கள் தெருக்கோடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆள் வேண்டும் என்று உரிமையாளரம்மா மூன்று தடவை அவளைக் கேட்டுவிட்டார். அவள் மூன்று தடவையும் மாட்டேன் என்றிருக்கிறாள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் கணக்கில் போய்விடும், என் கையை நம்பி எதற்கு என்றாளாம். தம்பி இதையும் ஒரு வேடிக்கையாகத்தான் போனில் சொன்னான். இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். உண்மை தெரிந்தால் சரி என்று சொல்லிவிடுவாள் என்று நம்பிப் போனேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டவள், கடைசியில் ஒரு சின்னச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை பேட்ச் பாத்தீங்க?"

ஐந்து என்றேன். பழையதில் மட்டும்தான் வருகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்க்கா. மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"பன்னெண்டு மில்லி. ஒரு தடவைக்கு வரும்."

"அதை நான் போட்டுப் பாக்கணும். நீங்க பக்கத்துல வந்து எதையும் தொடக் கூடாது."

தம்பி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முதல்முறையாக அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பன்னிரண்டு மில்லியைப் பகுப்பாய்வுக்கு அனுப்பி, உள்ளே என்ன இருந்தது என்று கண்டுபிடித்தால் கட்டுரையில் பாதியையாவது காப்பாற்றலாம் என்பது தலைவர் கட்சி. வீட்டு விவகாரத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவராதே என்றார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவராததால் வந்த வினைதான் இது என்று சொல்லிவிட்டு, குழாயை அவளிடம் கொடுத்தேன். அந்தக் கட்டுரையை நானே திரும்பப் பெறுகிறேன் என்றும் அவரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆறு நாள் வந்தாள். என் வெள்ளைக் கோட்டுதான் கொடுத்தேன், தோளில் தொங்கியது. பழைய குறிப்பேட்டைத் திறந்து, நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் 42 என்று எழுதினாள். செல்களுக்குச் சீரம் ஊற்றி வளர்த்தாள், புரதம் சேர்த்தாள், சுரண்டி எடுத்தாள். ஐந்தாம் நாள் அவள் ஜெல்லில் ஏற்றும்போது நான் கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஜெல்லில் பன்னிரண்டு குழிகள். ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளம்கூட இருக்காது. பைப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயின் முனையை அதற்குள் இறக்கி, செல் சாறு கலந்த நீலத் திரவத்தை மெதுவாக விட வேண்டும்.

அவள் கை நடுங்கியது.

முதல் குழியில் ஒரு காற்றுக் குமிழி போனது. இரண்டாவதில் முனை சுவரில் இடித்து, திரவம் மேலே கிளம்பிப் பக்கத்துக் குழிக்குள் இறங்கியது. நிறுத்தி, மூச்சு விட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறக்கினாள். மறுபடி அதேதான். ஆறு வருஷம் அந்தக் கை பைப்பெட் பிடிக்கவில்லை. ஆறு வருஷம் அந்தக் கையைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். உள்ளே ஓடிப்போய்ப் பிடுங்கி நானே ஏற்றிவிடலாம் என்று வந்தது. தொடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் திரையில் படம் வந்தது. கோடும் இல்லை, வெறுமையும் இல்லை. மழையில் நனைந்த காகிதம் மாதிரி எல்லாம் ஊறிப் பரவிக் கிடந்தது. சரிபார்க்கும் கோடுகூட ஒழுங்காக விழவில்லை.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "பாத்தீங்களா, நீங்க சொன்னது சரிதான்க்கா" என்றாள். குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பழக்கம் விட்டுப்போனால் யாருக்கும் இப்படித்தான் வரும் என்றேன். ஒரு மாதம் பழகினால் கை திரும்பிவிடும் என்றேன். பழைய நாற்பத்தொரு படங்களை மேஜையில் பரப்பி, இந்தக் கோடுகளைப் பார், எவ்வளவு நேராக இருக்கிறது, இது உன் கைதானே என்று கேட்டேன். "அது எல்லாருக்கும் வர்றதுதானேக்கா" என்றாள். சுரண்டி எடுத்தது முழுவதும் அந்த ஜெல்லிலேயே போய்விட்டது, இன்னொரு முறை செய்துபார்க்கச் சீரமும் இல்லை. உலகத்தில் எங்கேயும் அந்த பேட்ச் இல்லை, அன்றைக்கே விசாரித்துவிட்டேன். அவள் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். 42-ஆம் பக்கத்தில் முடிவை எழுதினாள். பள்ளி விடும் நேரமாகிவிட்டது, வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். "சீரம் சரி. கை சரியில்லை" என்று எழுதியிருந்தாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் என் கடிதம் வெளியானது. சீரம்தான் காரணம், முன்பு இந்தச் சோதனையைச் செய்தவரின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தேன். முகம் தெரியாதவர்கள் பாராட்டி எழுதினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா என்று ஒருவர் வியந்திருந்தார். அதையெல்லாம் படிக்கும்போது எனக்கு உடம்பு கூசியது. அச்சான கடிதத்தைத் தம்பி அவளுக்கு வாசித்துக் காட்டினானாம். நல்லா எழுதியிருக்காங்க என்றாளாம்.

வீட்டில் இப்போது கைராசிப் பேச்சு இல்லை. தம்பி திருந்திவிட்டான். அவள் சூடான பாத்திரத்தைத் தூக்கப் போனால், முந்திக்கொண்டு ஓடிவந்து அவனே தூக்கி இறக்குகிறான்.

மாதக் கடைசியன்று போன் செய்தான். பரிசோதனை நிலையத்து அம்மாவிடம் நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம். நாளைக் காலைக்குள் மனசு மாறினால்கூடப் போதும் என்றிருக்கிறார் அந்த அம்மா.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவா."

நான் சொன்னதைத்தான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.