ஊசியும் வெறுங்காலும்

வீட்டுத் தரகர்களுக்குக் குளிர்காலம் ஆகாத காலம். வெயில் நாளில் வருகிறவர்கள் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கிவிட்டுத் தலையாட்டிப் போவார்கள். குளிரில் வருகிறவர்களோ கதவிடுக்கில் கை வைத்துப் பார்ப்பார்கள். அதனால் தொழிலில் பலர் அந்த இரண்டு மாதமும் போர்வைக்குள் சுருண்டுவிடுவார்கள். எனக்குச் சும்மா உட்கார்ந்தால் தலை வலிக்கும். அப்படி நான் மட்டும் கடை திறந்து வைத்திருந்த ஒரு காலையில்தான் அவர்கள் இருவரும் வந்தார்கள்.

ஒருவர் அண்ணி, மற்றவர் நாத்தனார். அண்ணி எழுபது வயதிலும் தைத்துச் சம்பாதிப்பவர். நாத்தனார் நாலு வயது இளையவர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் நீராவிக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவருக்கு அண்ணனும் அவருக்குக் கணவருமாக இருந்த மனிதர் போய் ஆறு வருடமாகிறது. அதன் பிறகும் இருவரும் பிரியவில்லை. குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும், சேர்ந்து சொந்தமாக ஒன்று வாங்கிவிடக் கிளம்பியிருந்தார்கள்.

"பெருசா ஒண்ணும் வேணாம்மா. எனக்கு வெளிச்சம் வேணும், இவளுக்குக் கதகதப்பு வேணும். அவ்வளவுதான்," என்றார் அண்ணி.

அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன்.

முதல் வீட்டில் அண்ணி நேராக ஜன்னலோரம் போனார். கைப்பையிலிருந்து ஊசியும் கறுப்பு நூலும் எடுத்தார். விளக்கைப் போடப் போன என்னைக் கண்ணாலேயே நிறுத்தினார். நூல் கோத்தால் வெளிச்சம் பாஸ். நாத்தனார் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, அறை நடுவில் வெறுங்காலோடு நின்று நூறு வரை எண்ணினார். கட்டைவிரல் மரத்துப்போகாவிட்டால் கதகதப்பு பாஸ். இருபது வருடமாக வீடு காட்டுகிறேன். குழாயைத் திறந்து பார்ப்பவர்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். என் பேச்சுச் சாமர்த்தியம் எதுவும் செல்லுபடியாகாத பரீட்சையை அன்றுதான் பார்த்தேன்.

பெரிய ஜன்னல் வைத்த வீடுகளில் ஊசி உடனே கோத்துக்கொண்டது. நாத்தனார் முப்பதிலேயே சாக்ஸைத் தேடினார். ஜன்னல் சிறுத்த வீடுகளில் நாத்தனார் நூற்றைம்பது வரை நின்றார். அண்ணி நூல் நுனியை எச்சில் தொட்டே சலித்துப்போனார். இப்படிப் பதினேழு வீடு. என் கார் பின்சீட்டில் இருவருக்கும் ஓயாத வாய்ச்சண்டை. எந்தச் சந்தில் திரும்பணும், யார் இருமியது, யார் குடையை மறந்தது என்று எல்லாவற்றுக்கும் சண்டை. வீட்டை வைத்து மட்டும் ஒரு சண்டை கிடையாது. அதை நான் கவனிக்கவே நாளானது.

பதினேழாவது வீட்டில் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. அண்ணியைத் தனியே பிடித்தேன்.

"இதையே எடுத்துக்குங்க. அவங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க."

"பண்ணிக்குவா. வாயே திறக்க மாட்டா," என்றார் அண்ணி. "அதனாலதான் வேணாங்கறேன்."

அன்று சாயங்காலமே நாத்தனார் போன் செய்தார். "அந்தச் சின்ன ஜன்னல் வீடுங்களைப் பத்தி அண்ணிகிட்ட திரும்பப் பேச்செடுக்காதீங்க. எனக்காக சரின்னுடுவாங்க. பாவம், கண்ணு கெட்டுடும்."

என் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு. இரண்டாவது மாடி, இரண்டு அறை. 'வெளிச்சமான, இதமான வீடு' என்று விளம்பரத்தில் போட்டிருந்தேன். அது பொய்யில்லை, வெளிச்சம் ஒரு அறையில், இதம் இன்னொரு அறையில், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வீட்டில் ஒரு ரிட்டயர்டு டிக்கெட் செக்கர் இருந்தார். வீடு பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி உண்மையைச் சொல்லிவிடுவார். அவரால் ஒன்பது பேர் படியோடு திரும்பிப் போயிருந்தார்கள். அதன் பிறகு, அவர் பத்து மணிக்கு நடக்கப் போவார் என்று தெரிந்துகொண்டு, நான் பத்தேகாலுக்கு ஆட்களைக் கூட்டி வருவேன். இவர்களைக் கூட்டி வந்த அன்று பனிமூட்டம். மனிதர் நடக்கப் போகாமல், கம்பளிக் குல்லாயோடு வாசலில் நின்றிருந்தார்.

"வீடு பாக்கவா? உள்ளதைச் சொல்லிடறேன். முன் ரூம் ஐஸ் பெட்டி. பின் ரூம் இருட்டு, பட்டப்பகல்ல லைட் போடணும்."

பத்தாவது ஆளும் போச்சு என்று நினைத்தேன்.

"பின் ரூமும் குளிருமா?" என்று கேட்டார் நாத்தனார்.

"அது எப்படிக் குளிரும்? சுவருக்கு அந்தப் பக்கம் என் அடுப்பு. ஆறு மணிக்கு மூட்டினா ராத்திரி வரைக்கும் சுவர் சூடு."

"முன் ரூம்ல வெயில் எப்ப வரும்?" இது அண்ணி.

"என் முன் ரூம் மாதிரிதான். பத்து பத்துக்கு வரும். மூணு இருபதுக்குப் போயிடும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை பார்த்த எல்லா வீட்டிலும் ஒரே அறையில்தான் சோதித்தார்கள். ஏனென்றால் நாற்பது வருடமாக ஒரே அறையில்தான் உட்கார்ந்து பழக்கம். அண்ணி முன் அறைக்கும் நாத்தனார் பின் அறைக்கும் போனார்கள். பனிமூட்டத்திலும் ஊசி கோத்தது. நூறும் தாண்டியது. ஆனால் இரண்டு பேரும் சந்தோஷமாக வெளியே வரவில்லை.

"கதவைச் சாத்தினாத்தான சூடு நிக்கும்," என்றார் நாத்தனார். "சாத்திட்டா நாள் பூரா நான் யார்கூட பேசறது?"

அண்ணி கதவு நிலையை முழம் போட்டு அளந்தார். "கதவு எதுக்கு? கெட்டியா ஒரு திரை தைச்சுப் போட்டா சூடு நிக்கும், பேச்சு போகும்." பிறகு குரலை உயர்த்தாமலே கேட்டார்: "அங்க போய் நில்லு. கேக்குதா?"

"கேக்குது. நீங்க பேசுனா அடுத்த தெருவுக்கே கேக்கும்."

"எனக்கும் கேக்குது," என்றார் வாசலில் நின்ற செக்கர்.

குடிபோன மூன்றாம் வாரம், ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். வெளியே மூச்சு புகையாகிற குளிர். முன் அறையில் தையல் மிஷின். நிலைக்கு மேலே கம்பி. அண்ணி ஸ்டூலில் ஏறத் தயாராக, கனத்த பச்சைத் துணியை அள்ளி வைத்திருந்தார். நாத்தனார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, வயசுக்குத் தகுந்த வேலை பார்க்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். செக்கர் குல்லாயைக்கூடக் கழற்றாமல் உள்ளே நின்று, திரை கீழே இரண்டு அங்குலம் குறையும் என்றார்.

"குறையாது," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

"ஏம்மா, சும்மாதானே நிக்கறே, இந்தப் பக்கம் பிடி," என்றார் அண்ணி.

அடுத்த வாடிக்கையாளர் எனக்காகத் தெருவில் காத்திருந்தார். பத்து நிமிடம் ஆகும் என்று போனில் சொல்லிவிட்டு, திரையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.