ரிசீவரின் இரண்டு கொம்பு

இப்போதெல்லாம் ஒருவரும் ஒரு பொருளைக் கையால் தொட்டு வேலை செய்வதில்லை. உட்கார்ந்த இடத்தில் விரலைத் தேய்க்கிறார்கள். தேய்த்தது நடக்கவில்லை என்றால் பொருளைக் குறை சொல்ல வாய் வராது, மனிதனைச் சொல்வார்கள். என் மகனும் அந்த ரகம்தான். அவன் வாங்கி வைத்த பெட்டி சரியாகப் பாடவில்லை. அதற்கு அவன் அம்மாவின் காதில் கோளாறு என்றான்.

அவளுக்குக் கண் ஏற்கனவே போய்விட்டது. முழுதாக இல்லை. எதிரில் நிற்பது நானா கதவா என்று தெரியும். நான்தான் என்றால், முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேனா என்பது தெரியாது. அது ஒன்றுதான் அவளுக்கு லாபம். முப்பது வருடம் தையல் மிஷினில் குனிந்து கிடந்தவள். இப்போது ஊசியில் நூல் கோக்க முடியாது, டிவியும் பார்க்க முடியாது. மிச்சம் இருப்பது பாட்டு மட்டும்.

பழைய ரேடியோ செத்துப்போனதும் மகன் ஒரு ரிசீவர் பெட்டியும் இரண்டு ஸ்பீக்கரும் கொண்டுவந்தான். போனில் பாட்டைத் தொட்டால் ஒயரே இல்லாமல் காற்றில் போய்ப் பெட்டி பாடுமாம். அதற்கென்று அவனுடைய பழைய போனையும் விட்டுப் போனான். அன்று சுமாராகப் பாடியது. மறுநாளிலிருந்து விக்கல் எடுத்தது. இரண்டு வரி பாடும், நிற்கும், பிறகு வேறெங்கோ இருந்து தொடங்கும்.

அடுத்த ஞாயிறு மகன் வந்தான். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று போனைத் தொட்டான். அவன் ராசியோ என்னவோ, அப்போது விக்கவில்லை.

"நல்லாத்தானேம்மா கேக்குது?"

"கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குடா. தினமும் பாதியில ஆளே காணாமப் போயிடறாங்க."

என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"அப்பா, அம்மாவுக்குக் காதும் போகுதுன்னு தோணுது. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். காதுல மாட்டற மிஷின் வச்சுட்டா சரியாயிடும்."

"கெட்டது உன் பெட்டிடா."

"உங்களுக்கு எதைத்தான்பா நம்பத் தெரியும்?"

பெட்டிதான் கெட்டது என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. தொழிற்சாலை ஸ்டோரில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். சுவருக்கு அந்தப் பக்கம் தகடு அடிக்கும் மிஷின். எனக்கு நல்ல பாட்டும் கெட்ட பாட்டும் ஒரே இரைச்சல்தான்.

திங்கட்கிழமை அவளே சொல்லிவிட்டாள். "நிறுத்திடுங்க. தலை வலிக்குது." பிறகு இரண்டு நாள் பாட்டு இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணும் இல்லை, காதும் இல்லை என்றால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? நான் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடியும்? பேசினாலும் அது சண்டையில்தான் முடியும்.

வியாழக்கிழமை காலை வீட்டுக்கு நெட் இணைப்புக் கொடுத்த அம்மாளைக் கூப்பிட்டேன். நாற்பது வயதிருக்கும். தோளில் கனமான பை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியபடி வந்தார். தண்ணீர் குடித்தார், பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார்.

"ஐயா, இங்க ரெண்டு கொம்பு இருக்கணுமே. எங்க?"

"கொம்பா? இதென்ன மாடா?"

"ஆன்டெனா ஐயா. அது இல்லாம காத்துல வர்றதை இது எதை வச்சுப் பிடிக்கும்? வாயைக் கட்டிட்டு சாப்பிடுன்னா எப்படி? போனைப் பக்கத்துல கொண்டாந்தாத்தான் கொஞ்சமாவது பாடும்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்.

"பீரோவுல பாரும்மா. இந்த வீட்டுல கழட்ட வர்ற சாமான் எல்லாம் அங்கதான் குடியிருக்கு."

இதை ஒளித்துப் பயனில்லை. கழற்ற வருவது எதுவானாலும் ஒருநாள் காணாமல் போகும். ஸ்டோரில் நான் படித்த படிப்பு அது ஒன்றுதான். கைப்பிடி, மூடி, திருகு, எது ஆடினாலும் கழற்றித் துணியில் சுற்றிப் பூட்டிவிடுவேன். கேட்டவனுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பேன். மகன் பெட்டியை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போன அன்றே அதைத் துடைத்தேன். பின்னால் இரண்டு கறுப்புக் குச்சி, விரல் பட்டதும் சுழன்றது. என் கை சும்மா இருக்குமா?

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவளைக் கேட்டேன்.

"படுத்திருந்தேன்ல. அங்க கிரீச் கிரீச்சுனு மரை திருகற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பீரோ சாவி. சரி, ஐயா எதையோ சிறை பிடிக்கிறாருன்னு நினைச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அது பாட்டுப் பெட்டியோடதுன்னு எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சாலும் நீங்க குடுத்துட்டுத்தான் மறுவேலை பார்ப்பீங்களாக்கும். குளியலறைக் குழாயோட கைப்பிடியைக் கேட்டு நாலு மாசம் ஆச்சு."

நெட் அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த ரூம்ல மரை திருகறது கேட்டுச்சாம். இவங்களுக்கா ஐயா காது டெஸ்ட்டு?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் காது அவளிடம்தான் இருந்திருக்கிறது. பத்து நாளாக இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு நான்தான் அவளைச் செவிடியாக்கிக்கொண்டிருந்தேன்.

குச்சிகளை எடுத்துக் கொடுத்தேன். மாட்டியதும் விக்கல் நின்றது.

"இப்ப காணாமப் போகல. ஆனா இன்னும் கிணத்துக்குள்ளதான் இருக்காங்க" என்றாள் அவள்.

நெட் அம்மாள் போனை நோண்டினார். "இது உங்க பையன் வேலை. நெட் அதிகம் செலவாகக் கூடாதுன்னு பாட்டோட தரத்தை அடிமட்டத்துல வச்சிருக்காரு."

"அப்படிச் சொல்லும்மா!" என்று நிமிர்ந்தேன்.

அதை மேலே ஏற்றினார். "புளூடூத்தும் வேணாம். அது பாட்டை நசுக்கித்தான் அனுப்பும். வைஃபைல போட்டா ரிசீவரே நேரா போய்ப் பாட்டை எடுத்துக்கும். போன் சும்மா ரிமோட் மாதிரி."

பாட்டு வந்தது. அவள் சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்து ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தாள். காதை அதன் பக்கம் சாய்த்தாள்.

"பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறாங்க, கேக்குதா? பின்னாடி யாரோ நாற்காலிய நகர்த்தறாங்க."

எனக்கு அதே இரைச்சல்தான் கேட்டது. அவள் முகம் பொய் சொல்லாது. ஆனாலும் ஒன்றைச் சோதிக்காமல் விட மனம் வரவில்லை. போனை எடுத்து இரும்புப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். பாட்டு நிற்கவில்லை.

"போனை உள்ள பூட்டிட்டேன். இப்ப யாரு பாடறது?"

"அதான் சொன்னேனே ஐயா, ரிசீவரே எடுத்துக்கும்னு."

"யாரைக் கேட்டு எடுக்குது?"

அவர் சிரித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். "கொம்பை மட்டும் மறுபடி கழட்டிடாதீங்க."

மகனுக்கு என் போனிலிருந்து பேசினேன். வெள்ளிக்கிழமை டாக்டர் வேண்டாம், பெட்டியில்தான் கோளாறு, அதிலும் பாதி உன் கோளாறு என்றேன். மீதிப் பாதி யாருடையது என்று கேட்டான். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

அவள் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குப் பின்னால் அந்தக் குச்சிகள் இரண்டும் அவிழ்த்துவிட்ட மாட்டின் கொம்பு மாதிரி நின்றன. பக்கத்தில் போனேன்.

"மரை திருகற சத்தம் கேட்டா எழுந்து வருவேன்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். ஒயர் இல்லாமல் ஒன்று வீட்டுக்குள் வருகிறது என்றால், அதே வழியில் ஒன்று வெளியேயும் போகுமா போகாதா? முப்பத்தாறு வருடம் ஸ்டோர் வாசலில் நின்றவன் கேட்கிறேன். இதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. கீழே தெருவுக்கு வந்த பிறகும் மேலே அது பாடிக்கொண்டுதான் இருந்தது. நான் நிற்காமல் நடந்தேன்.