கடைசி ஜன்னல்

எங்கள் கட்டடத்தின் நடுவில், காற்று வரட்டும் என்று கிணறு மாதிரி ஓர் இடம் விட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஏசி வாங்கி, அவுட்டோர் பெட்டியை அந்தச் சுவரில் மாட்டினார்கள். குளிர் உள்ளே, வெக்கை கிணற்றுக்கு. ஒருவர் தள்ளிய வெக்கை தாங்காமல் அடுத்தவர் வாங்கினார். ஏசி இல்லாமல் மிஞ்சியவை இரண்டே ஜன்னல்கள்: முதல் மாடியில் என்னுடையது, எனக்குக் கீழே கைக்குழந்தையோடு இருந்த தையல்காரியுடையது.

என் ஜன்னலோரம் ஒரு முட்டையை வைத்தால், சாயங்காலத்துக்குள் அது கோழியாகிப் பேத்தியும் எடுத்துவிடும். இப்படித்தான் நான் பேசுவேன். வேலைக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை. என் மனைவி எதையும் பாதி கழித்துக்கொண்டுதான் நம்புவாள். ஆனால் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்து அவள் மூச்சுக்குத் திணறியதில் கழிக்க ஒன்றுமில்லை.

"இந்தக் கோடையைத் தாண்டணும்னா ரூம் குளிரணும்," என்றார் டாக்டர்.

வாங்கினேன். மெக்கானிக் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"வேற இடமே இல்ல சார். கீழ் ஜன்னலுக்கு நேர் எதிர்லதான் மாட்டணும். வெக்கை அவங்க மேல அடிக்கும்."

"ஏற்கெனவே ஊர்ப்பட்டது ஓடுது. என் ஒண்ணாலயா உலகம் உருகிடப் போகுது? மாட்டுப்பா."

அன்று மனைவி திணறாமல் பேசினாள். "போர்வை குடுங்க."

"இரு, பனிக்கரடி போத்திட்டுத் தூங்குது. எழுப்பிக் கேக்கறேன்."

சிரித்தாள். கீழே குழந்தை அழுதது.

இரண்டு நாள் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். மறுநாள் அழுகை இல்லை.

"ஏங்க, நம்ம வெக்கைதானே அங்க போகுது? தாயையும் பிள்ளையையும் இங்க வந்து படுத்துக்கச் சொல்லுங்க."

இறங்கிப் போனேன். கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"விடிகாலைல குழந்தைக்கு உடம்பு அனலாக் கொதிச்சு, கண்ணு சொருகிடுச்சு சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. இப்பதான் போன் வந்துச்சு. போயிடுச்சாம்."

கிணற்றுக்குள் போய், தையல்காரியின் ஜன்னலருகே கையை நீட்டினேன். என் ஏசியின் காற்று சுட்டது. எவ்வளவு என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

மாடியேறினேன்.

"வராளா?"

"எதுக்கு வரணும்? கீழே ஒரே குளுகுளு. குழந்தை ரெண்டு கம்பளி போத்திக் குறட்டை விடுது."

என் முகத்தையே பார்த்தாள். பாதியைக் கழித்தாள். மீதியையும் கழித்தாள். பிறகு கையை நீட்டி ரிமோட்டை எடுத்து அமுக்கினாள்.

எங்களுடையது நின்றது. மற்றவை ஓடிக்கொண்டிருந்தன.