பேச்சி நிறுத்திய இடங்கள்

சந்தனமாரி அம்மாவின் தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதே, சங்கரலிங்கம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

மட்டாஞ்சேரி கடைத்தெருவை முப்பத்தோரு வருஷம் பெருக்கிய அவள் அம்மா பேச்சியைப் பற்றி அவர் எழுதி, தமிழ்ச் சங்கத்தில் பரிசு வாங்கிய கதை அது. போன வருஷம் ஒரு மாசம் தினமும் வந்து உட்கார்ந்து, அம்மாவைப் பேசவிட்டுப் போனில் பதிவு செய்துகொண்டு போனார். சந்தனமாரிக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். கதையில் என்ன இருக்கிறதென்று இன்றுதான் கேட்கிறாள்.

"'ஐயா, அடிக்காதீங்க. ஏழைங்க நாங்க எங்க போவோம்?' பேச்சியின் கண்களில் நீர் பெருகியது."

சாரின் குரல் தழுதழுத்தது. வாசலில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சந்தனமாரிக்குக் காது சுட்டது. தூசி பறக்கிறதென்று கை ஓங்கிய மிளகுக் கிடங்குக்காரன் முன்னால் அம்மா அன்றைக்கு எப்படி நின்றாள் என்பது இந்தச் சந்துக்கே தெரியும்.

"நிறுத்துங்க சார்."

"கொஞ்சம்தாம்மா இருக்கு. கடைசி பாராதான் முக்கியம்."

"எங்கம்மா ஒருத்தனையும் ஐயான்னு கூப்பிட்டதில்ல. அன்னிக்கு அழவும் இல்ல. ஒங்ககிட்ட அதச் சொல்லும்போது நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

"கதைன்னா அப்படித்தாம்மா. அவங்க பேச்சு ஒரு ஒழுங்கில்லாம போகும், பாதியில நின்னுடும். படிக்கிறவனுக்கு மனசு இளகணும்ல?"

"அம்மா நிறுத்தின எடத்துலயெல்லாம் நீங்க அழ விட்டிருக்கீங்க."

அவர் காகிதத்தை மடித்தார்.

"அந்தப் பதிவு போன்ல இருக்கா?"

"இருக்கு. ஆனா இந்த நேரத்துல..."

"போடுங்க சார்."

தேடி எடுக்க அவருக்கு நேரமாயிற்று. பிறகு, கிடத்தியிருந்த அம்மாவின் தலைமாட்டில் அவள் குரல் எழுந்தது.

"கைய ஓங்கினான். நான் பாத்தேன்."

எதுவும் இல்லை. பதிவில், தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும்.

"ஓங்கின கை அப்படியே நிக்கிது. 'தாழ்த்துடா, வலிக்கும்'னேன்."

மறுபடி மழை.

"தாழ்த்திட்டான்." உடனே, எதிரில் பதிவு செய்துகொண்டிருந்த சாரிடம்: "சாயா குடி சேட்டா, ஆறுது."

அம்மாவோடு தெரு பெருக்கிய பிந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கரலிங்கம் போனை அணைக்கக் கை நீட்டினார். சந்தனமாரி அதன்மேல் தன் கையை வைத்தாள்.

தூக்க வந்த நான்கு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, பதிவு தானாக முடியட்டும் என்று வாசலிலேயே நின்றார்கள்.