மேலே கேட்கிறார்கள்

காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் எடுத்த முதல் அழைப்பிலேயே ஒரு வயதான குரல், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டது.

"அந்தப் பழுதுக்காரன உள்ள எடுத்தீங்களா இல்லையா?"

எதிர்வீட்டு டீச்சரம்மா. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. டீச்சரம்மாவுக்குத்தான் தெரியவில்லை. தொலைக்காட்சி நிலையத்து உதவி மையத்தில் உட்கார்ந்து பேசும்போது அவளுக்கு வேறு குரல் வந்துவிடும். வீட்டுக் குரலைவிட மெல்லியது, யாருக்கும் சொந்தமில்லாதது.

"உங்க கருத்தப் பதிவு செஞ்சுக்கறோம் மேடம். நன்றி."

"பதிவாகுதுல்ல? சாயங்காலம் மேல உக்காந்து போட்டுக் கேப்பாங்கல்ல? நல்லா கேக்கட்டும். ஒரு மனுஷன வெளியில தொங்கவிட்டுட்டுக் கடைய மூடிட்டுப் போறது என்ன நியாயம்? நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

அடுத்த அழைப்புக்குப் போன அவள் விரல் பாதியில் நின்றது. டீச்சரம்மாவின் கோபத்துக்காக அல்ல. 'சாயங்காலம் மேல உக்காந்து போட்டுக் கேப்பாங்க' என்பது அவளுடைய வாக்கியம். அவள் வாயிலிருந்து விழுந்தது, ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் கணவன்தான் ஆரம்பித்தான். ஃபிட்டராக வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டோடு இருந்தான். சமைத்தான், துணி மடித்தான், குழாய் சொட்டினால் சரிசெய்தான், பேச்சை மட்டும் விட்டுவிட்டான். அந்த நாக்கு எப்போதாவது அசைந்தால் குத்தத்தான் அசையும். "போன எடுத்து நன்றி சொல்றதுக்கு ஒரு சம்பளம், கொடுத்து வெச்சவ நீ" என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. குடும்பமே அந்த நன்றியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. "என்னன்னு நெனச்சீங்க எங்க வேலைய? வர்ற போன் எல்லாம் பதிவாகும். சாயங்காலம் மேல உக்காந்து போட்டுக் கேப்பாங்க. எது ஓடணும் எது நிக்கணும்ங்கறதே அதுக்கப்புறம்தான்" என்றாள். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்ன பேச்சு. மேல் மாடியில் ஏ.சி. இயந்திரங்களும் பூட்டிய ஓர் அறையும்தான் இருந்தன. பதிவுகளை யாரும் கேட்பதில்லை. ஒரு வாரத்தில் அவை தானாக அழிந்துவிடும்.

அவன் நம்பிவிட்டான். அவள் சொன்ன எதையும் அவன் அப்படி நம்பியதில்லை.

'தூரக்கரை' தொடர் ஓடிய நாட்களில் மட்டும் அவன் பழைய ஆளாக இருந்தான். மனிதர் போகாத தொலைவுக்குப் போகும் ஒரு விண்கலம். அதில் கேப்டனும் விஞ்ஞானிகளும் இருந்தாலும் தெருவே பார்த்தது பழுதுக்காரனைத்தான். எது பழுதானாலும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒருவன். டீச்சரம்மா வருவார், இஸ்திரிக்காரர் வருவார், ஸ்கூல் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வருவார். இருக்கிற நாற்காலிகளையெல்லாம் அவன் இழுத்துப் போடுவான். முடிந்த பிறகும் இவர்கள் நாலு பேரும் எழுந்திருக்காமல் கலத்தை எப்படிச் சரிசெய்யலாம் என்று சண்டை போடுவார்கள். அடுப்படியில் நின்று அவன் குரலைக் கேட்பதற்காகவே அவள் பாத்திரத்தை மெதுவாகத் துலக்குவாள்.

கடைசியாக வந்த பகுதியில் பழுதுக்காரன் கலத்துக்கு வெளியே போய் ஏதோ ஒன்றைச் சரிசெய்துவிட்டுத் திரும்பும்போது கதவு சிக்கிக்கொண்டது. வெளியே அவன் ஸ்பேனரால் தட்டுகிறான். உள்ளே கேப்டன் கதவில் கையை வைக்கிறாள். தொடரும் என்று போட்டார்கள். நேற்று மாலை, இனித் தொடராது என்று ஒற்றை வரியில் அறிவித்துவிட்டார்கள். செட்டைப் பிரித்து லாரியில் ஏற்றியதை அவள் போன வாரமே நிலையத்து ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். வெளியில் மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டிலும் சொல்லவில்லை.

செய்தியைப் படித்ததும் அவன் "அவன் இன்னும் வெளியிலயே இருக்கானே" என்றான். அவ்வளவுதான். இன்று காலையில் பார்த்தால் சவரம் செய்துகொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, அவளுக்கு முன்னால் தெருவில் இறங்கிவிட்டான். நல்லதுதான், நாலு பேரைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று நினைத்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். வீடு வீடாக ஏறி அவளுடைய பொய்யை விநியோகித்துக்கொண்டிருப்பான் என்று யார் கண்டது?

அழைப்புகள் நிற்கவில்லை. ஒருவர் அழுதார். ஒருவர் திட்டினார். ஒருவர் "பாதிப் படியில ஏணிய உருவுறீங்களே" என்றார். திட்டு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் முடிக்கும்போது எல்லோரும் ஒரே வாக்கியத்தில் வந்து நின்றார்கள். சாயங்காலம் மேல கேப்பாங்கல்ல?

பக்கத்து நாற்காலிக்காரி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சாய்ந்தாள். "ஏங்க்கா, மேல யாரு இருக்கா கேக்கறதுக்கு? ஏ.சி. மெஷினா?"

அவள் சிரிக்க முயன்றாள். அடுத்த அழைப்பை எடுத்தாள்.

மதியத்துக்கு முன்னால் மியூட் சார் வந்து நடுவில் நின்றார். மேற்பார்வையாளர். யார் அதிகம் பேசினாலும் அழைப்பை மௌனமாக்கிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். அவர் குரலை உயர்த்தியே யாரும் பார்த்ததில்லை. அதுதான் பயம்.

"அத்தன பேரும் ஒரே பாட்டப் பாடறாங்க. வெளியில யாரோ பாட்டு வாத்தியார் இருக்காரு. அந்த வாத்தியாருக்கு இங்கேருந்துதான் யாரோ எடுத்துக் கொடுத்திருக்கணும். யாருன்னு தெரிஞ்சா நாளைக்கு அந்த நாற்காலி காலி. நானும் லைன்ல கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவர் இடையில் நுழைந்து கேட்கும்போது காதில் ஒரு சின்னச் சொடுக்கு விழும். அழைத்தவருக்கு அது கேட்காது. இந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்.

சாப்பிட்டு வந்து அவள் எடுத்த முதல் அழைப்பில் சொடுக்கு முதலில் விழுந்தது. குரல் அதற்குப் பிறகு வந்தது.

"வணக்கம்மா."

அவன்.

தொலைபேசியில் அவன் குரலுக்கு வயதாகியிருந்தது. வாயைத் திறந்தால் வீட்டுக் குரல் வந்துவிடுமோ என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உதவி மையம். சொல்லுங்க சார்."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் சார் என்றதில்லை. லைனில் வேறு யாரோ இருப்பதை அந்த ஒரு சொல்லிலேயே அவன் புரிந்துகொண்டது அவளுக்குத் தெரிந்தது. அடுத்து வந்த குரல் அவளிடம் பேசவில்லை.

"மேல கேக்கறவங்களுக்குச் சொல்றேன். நான் ஃபிட்டர். அந்தக் கதவு உள்பக்கத்துத் தாழ்ப்பாள்ல சிக்கியிருக்கு. வெளியில நிக்கறவன் என்ன தட்டினாலும் திறக்காது. உள்ள இருக்கறவங்க கை வெச்சாத்தான் உண்டு. அது அவனுக்கே தெரியும்ங்க, பழுதுக்காரனுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் தட்டறான். ஏன்னா, தட்டறத நிறுத்திட்டா ஆளு போயிட்டான்னு உள்ள நெனச்சிடுவாங்க. அதான். வேற ஒண்ணும் பெரிசா கேக்கல. காப்பாத்தக்கூட வேணாம். செத்துட்டான்னா செத்துட்டான்னு காட்டிருங்க. பாத்துட்டு, அழுதுட்டு, எழுந்து அவங்கவங்க வேலைய பாக்கப் போறோம். இப்படி விட்டீங்கன்னா தட்டற சத்தம் நிக்காதுங்க."

ஒரு வருடத்தில் அவன் அவளிடம் இவ்வளவு பேசியிருப்பானா? எதிரே சுவரில் மாட்டியிருந்த வாக்கியத்தை அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொள்கிறோம்.

மியூட் சாரின் குரல் நேராக லைனுக்குள் வந்தது. "சார், மேல கேப்பாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு சொல்லணும்? பதிவு பண்றோம்னு நீங்கதானே சொல்றீங்க. கேக்காம எதுக்குங்க ஒருத்தன் பதிவு பண்ணுவான்?"

லைன் அறுந்தது. யார் அறுத்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லா அழைப்புகளுக்கும் இயந்திரக் குரலைப் போட்டுவிட்டு மியூட் சார் அவர்களை வெறுமனே உட்கார வைத்தார். மௌனமான ஹெட்போனைக் கழற்றவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மனிதக் குரல் கிடைக்காதவர்கள் மனிதர்களாகவே வந்துவிட்டார்கள். வேலை முடிந்து கீழே இறங்கியபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டம் நின்றது. அவளுடைய தெருவே பெயர்ந்து வந்தது போல இருந்தது. டீச்சரம்மா குடையை ஊன்றிக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரர், பஸ் டிரைவர், தெரியாத முகங்கள். அவன் நடுவில் நின்றான். அவளைப் பார்த்தான். பார்த்த பார்வை ஒரு தூணைப் பார்ப்பதுபோல் நகர்ந்து போய்விட்டது. டீச்சரம்மாவும் அவளைப் பார்த்துவிட்டுக் குடைப்பிடியைக் குனிந்து பார்த்தார். சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான்.

மியூட் சார் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, அதே தாழ்ந்த குரலில் பேசினார்.

"நேரா சொல்லிடறேன். மேல யாரும் கேக்கறதில்ல. இன்னிக்குப் பண்ண போன் எல்லாம் ஒரு வாரத்துல தானா அழிஞ்சிடும். செட்டப் பிரிச்சாச்சு. அந்தக் கதவே இப்ப இல்ல. வீட்டுக்குப் போங்க."

கதவு மூடிக்கொண்டது. கூட்டத்தில் எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். கண்ணாடி வழியாகச் சத்தம் மெலிந்து வந்தது.

"செவிடன் காதுல சங்கு ஊதத்தான் எங்கள காலையிலேருந்து ஓட்டினியா?"

"நான் டிரிப்ப விட்டுட்டு வந்திருக்கேன்யா."

"எவன் சொன்னான் உனக்கு? ஏன்யா, உன் பொண்டாட்டி இங்கதானே..."

"நான்தான் சொன்னேன்" என்றான் அவன். "நானாத்தான் சொன்னேன். புத்தி கெட்டுப் போய்ச் சொன்னேன். கிளம்புங்க, விடுங்க."

டீச்சரம்மா இஸ்திரிக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவன் மட்டும் நின்றான். அவள் வெளியே வந்து, தெரியாதவள்போல் கடந்து, திருப்பத்தில் காத்திருக்க வேண்டும். அவன் பின்னால் வருவான். அவன் அதைத்தான் நினைத்து நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. வேலை தப்பிக்கும். இந்த வேலை போனால் வீட்டில் வேறு வருமானம் இல்லை. அதுவும் தெரியும்.

மியூட் சார் வரவேற்பு மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "அந்த ஆளு இன்னும் போகலையா?" என்றார் நிமிராமல்.

"இல்ல சார்."

அவள் அடையாள அட்டையைக் கதவருகே இருந்த கருவியில் காட்டினாள். சிவப்பு விளக்கு பச்சையானது. கதவைத் தள்ளினாள், ஆனால் வெளியே போகவில்லை. வாசற்படியில் ஒரு காலை ஊன்றி, கதவைத் தோளால் தாங்கிக்கொண்டாள்.

"என்னங்க" என்றாள். வீட்டுக் குரல்தான் வந்தது. "உள்ள வாங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவள் தோளுக்குப் பின்னால், மேஜையில் நிமிர்ந்த தலையைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் மிக லேசாகத் தலையை அசைத்தான்.

அந்தக் கதவை அதிக நேரம் திறந்து வைத்திருந்தால் ஒரு மணி அடிக்கத் தொடங்கும். அது அடிக்கத் தொடங்கியது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் காலை எடுக்கவில்லை. மணி விட்டுவிட்டு, ஒரே சீராக, இரும்பில் இரும்பால் யாரோ தட்டுவதுபோல அடித்துக்கொண்டே இருந்தது.